மேல்தட்டில் இருந்த இரும்புத் தாச்சி: யாழ்ப்பாணக் கடையொன்றில் நடந்த விபத்தின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாண நகரை ஒட்டிய வீதியொன்றில் பலசரக்கும் வீட்டுப் பாவனைச் சாமான்களும் விற்கும் நடுத்தரமான கடை அது. அங்கே மேல்தட்டில் அடுக்கியிருந்த இரும்புத் தாச்சிகளில் ஒன்று, சாமான் வாங்க வந்த ஓர் அம்மாவின் தலையில் விழுந்தது. அறுபது வயதைத் தாண்டியவர். உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் அன்று இரவு அந்த வீட்டில் யாரும் அப்படி நினைத்திருக்க முடியாது.

கடை முதலாளி எனக்கு நெடுநாள் பழக்கம். நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இருந்தவன் என்பதால், வந்து பார்த்து என்ன பிழை என்று சொல்லச் சொன்னார். கண்டதை எழுதட்டுமா என்று அவரிடமும் அந்த அம்மாவின் மகளிடமும் கேட்டேன். கடையின் பேரும் ஆட்களின் பேரும் வராவிட்டால் எழுதலாம் என்றார்கள். இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடையின் றாக்கைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வீதியில் நடந்தபோது, ஏறக்குறைய ஒவ்வொரு கடையிலும் அதே அடுக்கைத்தான் பார்த்தேன்.

நடந்தது

கடையின் முகப்பு ஒடுக்கம், உள்நீளம் அதிகம். நடுவில் இரண்டு இரும்பு றாக்கைகள் முதுகோடு முதுகாக நிற்கின்றன. ஒரு பக்கம் சமையல் பாத்திரங்கள். மறுபக்கம் சவர்க்காரம், சலவைத்தூள், அவற்றுக்கு மேலே பெட்டி பிரிக்காத பிரஷர் குக்கர்கள். இரண்டு றாக்கைகளுக்கும் நடுவில் பின்தகடு கிடையாது. வெளிச்சம் வரட்டும் என்று கழற்றிவிட்டார்களாம். மேல்தட்டு நிலத்திலிருந்து 7 அடி உயரத்தில் இருக்கிறது.

அன்று காலை புதிதாக வந்த குக்கர் பெட்டிகளைக் கடைப் பெடியன் மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். ஏணி இல்லை. சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நின்று, ஒரு கையால் றாக்கைக் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் பெட்டியைத் தள்ளினான். பாத்திரப் பக்கத்தில் அந்த அம்மா, மகளோடு நின்றார். கீழ்த்தட்டில் இருந்த நீத்துப்பெட்டிகளில் ஒன்றை எடுக்கக் குனிந்தார். நேர் மேலே எட்டுத் தாச்சிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. மூன்றாவது குக்கர் பெட்டியைப் பெடியன் உள்ளே அழுத்தியபோது அடுக்கு இந்தப் பக்கம் சாய்ந்தது. மேலே இருந்த தாச்சி வழுக்கி, விளிம்புப் பக்கமாக அவருடைய பின்தலையில் விழுந்தது. இன்னொன்று அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் விழுந்து சிமெந்துத் தரையில் ஒரு துண்டைப் பெயர்த்தது.

அந்த அடுக்கில் இருந்த ஒரு தாச்சியைக் கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தேன். 2 கிலோ 600 கிராம். அடுக்கின் உச்சி நிலத்திலிருந்து ஏறக்குறைய 8 அடியில் இருந்தது. குனிந்திருந்தவரின் தலை 4 அடியில். நாலு அடி விழுவதற்கு அரை விநாடி போதும். முடிவில் வேகம் மணிக்கு 17 கிலோமீற்றரைத் தாண்டும். "மேலே பார்த்திருக்கலாமே" என்று கடையில் ஒருவர் சொன்னார். சத்தம் கேட்டு, நிமிர்ந்து, என்னவென்று புரிந்து விலகுவதற்கு அரை விநாடி யாருக்கும் போதாது. நிமிர்ந்திருந்தால் முகத்தில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். தாச்சி தட்டையாக விழாமல் விளிம்பால் விழுந்ததும் கவனிக்க வேண்டியது. அதே பாரம் உள்ளங்கை அகலத்தில் படுவதற்கும் விரல் அகலமான ஓர் இரும்பு விளிம்பில் குவிந்து படுவதற்கும் மண்டையோட்டைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதல் ஒரு மணித்தியாலம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன். றாக்கையை ஒரு நாளில் திருத்திவிடலாம். விழுந்த பிறகு செய்வதற்கு அந்த நேரம் மட்டும்தான் இருக்கிறது.

தலைத்தோலில் இரத்தக்குழாய்கள் அதிகம். சின்ன வெட்டுக்கே நிறைய இரத்தம் வரும். கடையில் எல்லோரும் பதறிப்போனார்கள். யாரோ கோப்பித்தூள் கொண்டுவந்து காயத்தில் அப்பினார்கள். முதலாளி ஒரு கதிரையில் அவரை இருத்தி, "ஒண்டுமில்லை அம்மா, பயப்பிடாதேங்கோ, இந்தச் சோடாவைக் கொஞ்சம் குடியுங்கோ" என்றார். அக்கறையோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு ஓட்டோ பிடித்து, பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். காயம் கழுவித் தையல் போட்டார்கள். இரத்தம் நின்றது, எல்லோரும் ஆறுதலடைந்தார்கள், அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. "அம்மா, நீங்கள் என்ன மருந்து பாவிக்கிறீங்கள்?" அவர் இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து எடுப்பவர்.

பின்னேரம் தலையிடி கூடியது. சாப்பிட்டதை இரண்டு தரம் சத்தி எடுத்தார். களைப்பில் நித்திரை கொள்கிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். எழுப்பியபோது சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் பயந்துபோய் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்தார். அம்புலன்ஸ் வந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போனது. சீரி ஸ்கானில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் சிறிய இரத்தக் கசிவு தெரிந்தது. சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. விடுதியில் வைத்துக் கவனித்து, மருந்துகளை மாற்றி, கசிவு கூடவில்லை என்று உறுதியான பிறகு வீட்டுக்கு விட்டார்கள். தலைச்சுற்று அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் இருந்தது.

தலையில் அடிபட்டவர் உடனே எழுந்து கதைத்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நாங்கள் நம்பிவிடுகிறோம். மண்டைக்குள் கசியும் இரத்தம் மூளையை அழுத்தும் அளவுக்குச் சேர நேரம் எடுக்கும். சிலருக்கு மணித்தியாலங்கள், வயதானவர்களுக்கு நாட்களும் வாரங்களும்கூட. வயது போகப்போக மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து வரும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அதிர்ச்சியிலும் அவை கிழியலாம். அதோடு இரத்தம் உறையாத மருந்தும் சேர்ந்தால் கசிவு தானாக நிற்பது கடினம். ஆகவே கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்பச் சத்தி, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை, குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒரு கையோ காலோ சோர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். வயதானவர் என்றாலோ, இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர் என்றாலோ அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது. நேரே ஸ்கான் வசதி உள்ள வைத்தியசாலைக்கு.

கடைக்காரர் செய்ய வேண்டியது அதிகமில்லை. சுத்தமான துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். மண்டை உள்ளே அமிழ்ந்தது போல இருந்தால் மட்டும் அந்த இடத்தை அழுத்தக் கூடாது. கழுத்து நோகிறது என்றாலோ கை கால் விறைக்கிறது என்றாலோ ஆளை அசைக்காமல் 1990க்கு அழைக்க வேண்டும். சோடா, தேத்தண்ணி எதுவும் வேண்டாம். மயங்கினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கோப்பித்தூள் இரத்தத்தை நிற்பாட்டுவது போலத் தெரியும், ஆனால் காயத்துக்குள் அழுக்கை அடைத்து, தையல் போடுபவரின் வேலையையும் கெடுக்கும். தனியாக வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

பெடியன் மீது விழுந்த பழி

நான் போனபோது விளக்கம் தயாராக இருந்தது: பெடியன் கவனமில்லாமல் தள்ளிவிட்டான். அவனை நிற்பாட்டிவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. அவன் ஒரு மூலையில் நின்று, யாரையும் பாராமல், அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

கடையில் கமரா இருந்தது நல்லதாய்ப் போயிற்று. முதலாளியும் நானும் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். முதல் இரண்டு பெட்டிகளை ஏற்றியபோதே தாச்சி அடுக்கு முன்னுக்கு வந்துவிட்டது. மேல் விளிம்பு தட்டுக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த நிலையில் அந்த வழியால் ஆட்கள் போய் வந்தார்கள். கடையின் வேறு இரண்டு ஊழியர்களும் போனார்கள். ஒரு குழந்தை அதற்குக் கீழே நின்று பிளாஸ்ரிக் குவளை ஒன்றை எடுத்துப் பார்த்தது. மூன்றாவது பெட்டி வராமல் இருந்திருந்தாலும், யாரோ கீழே ஒரு சட்டியை இழுத்த அதிர்விலே அது விழுந்திருக்கக்கூடும். பெடியனுக்கு இது எதுவும் தெரிய வழியே இல்லை. அவன் முகத்துக்கு முன்னால் குக்கர் பெட்டி, அதற்கு அப்பால் அவன் காணாத ஒரு வழி.

அளந்து பார்த்தோம். ஒவ்வொரு றாக்கையின் ஆழமும் 15 அங்குலம். குக்கர் பெட்டியின் நீளம், கைப்பிடியோடு சேர்த்து அடைத்திருப்பதால், 17 அங்குலம். பின்தகடு இல்லாத றாக்கையில் அந்த இரண்டு அங்குலமும் மறுபக்கத்துக்குத்தான் போகும். தாச்சியின் வாய் அகலம் 14 அங்குலம், அடியோ உருண்டை. அடுக்கி வைத்தால் அடியில் ஒரு சிறு வட்டம்தான் தட்டில் பட்டிருக்கும். உயரமான பெட்டி பின்னால் வந்து முட்டியபோது அது அடியைத் தள்ளவில்லை, விளிம்பைத் தள்ளியது. உருண்டை அடியோடு இருக்கும் அடுக்கை உயரத்தில் தள்ளினால் நகராது, சாயும். சாய்ந்த அடுக்கில் மேலே இருப்பது வழுக்கும். தட்டின் முன்பக்கத்தில் தடுப்பாக ஒரு கம்பிகூட இல்லை.

இவ்வளவும் அந்தப் பெடியன் வேலைக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. அவனை நிற்பாட்டினால், அடுத்து வருபவனும் அதே கதிரையில் ஏறி அதே பெட்டியை அதே இடத்துக்குத்தான் தள்ளுவான். இதை முதலாளியிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன். பதிவை இரண்டாம் தரம் போட்டுப் பார்த்துவிட்டு அவரே, "இவனில பிழை இல்லை அண்ணை" என்றார்.

இரும்பு மேலே, ஓலை கீழே

எனக்கு விடை தெரியாமல் இருந்த கேள்வி இதுதான். பனையோலையில் செய்த நீத்துப்பெட்டியும் சுளகும் கீழ்த்தட்டில் இருக்கின்றன. இரும்புத் தாச்சி 7 அடி உயரத்தில் இருக்கிறது. இப்படி அடுக்க யாருக்கு மனம் வரும்? பாரமானதைக் கீழே வைப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

பதிலை முதலாளியின் மனைவி சொன்னார். கணக்கு வழக்கு அவருடைய பொறுப்பு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது கடைக்குள் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த தாச்சி, தோசைக்கல், கத்தி எல்லாம் துருவேறி, பாதி விலைக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில் மாரி தொடங்குவதற்கு முன்னால் இரும்புச் சாமான்களை மேலே ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. மழை முடிந்து தை பிறந்ததும் இறக்க வேண்டும். அதற்குள் கீழே காலியான இடத்தில் பொங்கல் சாமான்கள் வந்துவிடும், அது முடிய வேறொன்று வரும். இரும்பு இறங்குவதே இல்லை.

ஆக, அந்தத் தாச்சி மேலே போனதற்கு நல்ல காரணம் இருந்தது. அதை இறக்குவது யாருடைய வேலை என்று மட்டும் யாரும் தீர்மானிக்கவில்லை. நான் பார்த்த தொழிற்சாலை விபத்துகளிலும் இதே கதைதான் பெரும்பாலும். ஓர் அவசரத்துக்காகச் செய்த ஏற்பாடு, அவசரம் போன பிறகும் அங்கேயே நின்றுவிடும். பிறகு வருபவர்களுக்கு அதுதான் வழமை. அந்தப் பெடியனிடம் கேட்டபோது, "தாச்சியிட இடம் மேலதானே" என்றான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கடைகளில் சாமான் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. நகரத்துக்குள் களஞ்சியம் வைக்க இடம் எடுப்பது கட்டுப்படியாகாது. கம்பனிப் பிரதிநிதிகளோ, பெட்டிக் கணக்கில் எடுத்தால் கூடுதல் விலைக்கழிவு தருகிறார்கள். எடுத்த பெட்டிகளை எங்கே வைப்பது? மேலே. இதற்குப் பின்னால் எங்கள் ஊரின் அனுபவமும் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த தலைமுறைதான் இன்றைக்கும் பல கடைகளின் காசுமேசையில் இருக்கிறது. சவர்க்காரமும் மெழுகுதிரியும் கிடைக்காத காலத்தைப் பார்த்தவர்களுக்கு, வெறும் தட்டைப் பார்த்தால் மனம் பொறுக்காது. 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது அந்தப் பயம் சின்னவர்களுக்கும் தொற்றியது. கையில் சாமான் இருந்தால்தான் நிம்மதி. அந்த மனநிலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிம்மதி வாடிக்கையாளரின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இதே வீதியில் மற்றக் கடைகளையும் பார்த்தேன். மீன் ரின் பெட்டிகள் மேலே இருந்தன. 425 கிராம் ரின் 24 சேர்ந்தால் உள்ளிருப்பு மட்டும் 10 கிலோவைத் தாண்டும். வன்பொருள் கடையில் பெயின்ற் வாளிகள், கைப்பிடிக் கம்பி தட்டுக்கு வெளியே தொங்க. துணிக்கடையில் நிமிர்த்திச் சாத்திய துணிச் சுருள்கள், ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பது சாயும். ஒரு மருந்துக்கடையில் குழந்தைப் பால்மா ரின்களைக் கோபுரமாக அடுக்கி, அதற்கு நேர் கீழே ஆட்கள் இருக்க வாங்கில் போட்டிருந்தார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் வேலைத்தலப் பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேசுவது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். கடை தொழிற்சாலை ஆகாது. கடைகளுக்கு என்று இருப்பது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அது பெரும்பாலும் வேலை நேரம், விடுமுறை, சம்பளம் பற்றியது. வெளிச்சம், காற்றோட்டம், மலசலகூடம் பற்றியும் சொல்கிறது. மேல்தட்டைப் பற்றி எதிர்பார்க்க முடியாது. அது எழுதப்பட்ட காலத்தில் வாடிக்கையாளர் றாக்கைகளுக்கு நடுவில் நடந்து தானே சாமான் எடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்போம், கடைக்காரர் எடுத்துத் தருவார். கடையின் அமைப்பு மாறிவிட்டது, ஆபத்தும் மேசையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது.

பெடியன் கதிரையிலிருந்து விழுந்திருந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டி வந்திருக்கும். அடிபட்டவர் வாடிக்கையாளர் என்றால் வழி வேறு. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் சொத்துச் சம்பந்தமானது, இதற்குப் பொருந்தாது. நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, கவனயீனத்தால் ஏற்பட்ட தீங்குக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இப்படி விழக்கூடும் என்பதை நிதானமான ஒரு கடைக்காரர் முன்கூட்டியே அறிந்திருப்பாரா, அறிந்து தடுத்திருப்பாரா என்பதுதான் அங்கே கேள்வி. கமராப் பதிவில் அந்த இரண்டு விரல் அகலம் தெரிந்ததை நினைத்துப் பார்த்தால் பதில் புரியும்.

வெளிநாட்டுச் சட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் களஞ்சியத்தையும் விற்பனை இடத்தையும் ஒன்றாக்கிய பெரிய கடைகளில் மேலே வைத்த சாமான் விழுந்து வாடிக்கையாளர்கள் இறந்தும் இருக்கிறார்கள். நிறைய வழக்குகள் வந்தன. அப்படிப்பட்ட களஞ்சியக் கடைகளில் விற்பனைத் தளத்திலிருந்து 12 அடிக்கு மேல் வைக்கும் சாமான்களைக் கம்பி, வலை, தடுப்பு போன்றவற்றால் பாதுகாக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது. அந்த அளவை இங்கே கொண்டுவந்தால் எங்களுக்கு உதவாது. எங்கள் கடைகளில் கூரையே 12 அடியில் முடியும். இந்தத் தாச்சி விழுந்தது 8 அடியிலிருந்து. தோளுக்கு மேலே இருக்கும் எந்தப் பாரமான சாமானும் ஆபத்துத்தான். சட்டம் வரட்டும் என்று இருக்காமல் ஒவ்வொரு கடையும் தானே ஓர் அளவை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மாற்றியவை

முதல் வேலையாக இரண்டு றாக்கைகளுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை இரும்பு வலை கட்டினோம். வெளிச்சம் வரும், பெட்டி போகாது. செலவு ஒரு குக்கர் விலைக்குள் முடிந்தது. ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். முதுகோடு முதுகாக நிற்கும் றாக்கை எங்கே இருந்தாலும், இந்தப் பக்கம் தள்ளுவது அந்தப் பக்கம் விழும்.

தோளுக்கு மேலே உள்ள தட்டுகளின் முன்பக்கத்தில் மூன்று அங்குல உயரத்தில் மெல்லிய குழாய் பூட்டினோம். மேல்தட்டில் இனிப் பிளாஸ்ரிக் கூடை, கடதாசிக் குவளை, துடைப்பம் மாதிரி விழுந்தாலும் காயம் வராத சாமான்கள் மட்டும். இரும்பு, கண்ணாடி, ரின், திரவம் நிரம்பிய போத்தல் எதுவும் அங்கே போகாது. தாச்சிகள் கீழே வந்துவிட்டன. அடுக்காமல், மரப்பெட்டி ஒன்றுக்குள் புத்தகம் போலப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மாரிக்கு என்ன செய்வது? அதற்கு விடை சொல்லாவிட்டால் ஒக்டோபரில் எல்லாம் திரும்ப மேலே போகும். கீழ்த்தட்டுக்கு அடியில் சீமெந்துக் கல் வைத்து, பலகை போட்டு, ஒரு அடி உயர்த்தினார்கள். 2020இல் வந்த வெள்ளத்துக்கும் அது போதும். இரும்புக்கு எண்ணெய் பூசிப் பொலித்தீனில் சுற்றி வைப்பது என்று முடிவு. மழைக்காக எதையாவது மேலே ஏற்றினால், அதை இறக்கும் திகதியைக் காசுமேசைக் கலண்டரில் அப்போதே எழுத வேண்டும் என்றும் முதலாளியின் மனைவி ஒரு விதி வைத்தார். அது என் யோசனை இல்லை, அவருடையது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கதிரையில் ஏறுவது நின்றது. நாலு படி உள்ள மடக்கு ஏணி வாங்கினார்கள். மேலே சாமான் ஏற்றும்போது றாக்கையின் இரண்டு பக்க வழியையும் கயிறு கட்டி அடைக்க வேண்டும், மறுபக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும், கடை திறப்பதற்கு முன் முடித்துவிட்டால் இன்னும் நல்லது. மேலே உள்ளதை எடுத்துத் தர எங்களைக் கூப்பிடுங்கள் என்று ஓர் அறிவித்தலும் ஒட்டினார்கள். அறிவித்தலில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சாமான் பார்க்க வருபவர்கள் சுவர் வாசிக்க மாட்டார்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில்தான் நகரக் கடைகளுக்கு வருடத்தின் பெரிய வியாபாரம். அதற்காக வந்த சாமான்களோடு, கண்ணாடிக் குவளைப் பெட்டிகள் மேல்தட்டுக்குத் திரும்பிவிட்டதைத் திருவிழாவுக்கு முன் போய்ப் பார்த்தபோது கண்டேன். முதலாளி, "இந்தக் கொஞ்ச நாளைக்கு மட்டும் அண்ணை" என்றார். தாச்சியும் அப்படித்தானே ஏறியது என்றேன். அன்றே இறக்கினார்கள், அதற்கு இடம் தேட வேண்டி வந்தது. அப்புறம்தான் உண்மையான மாற்றம் நடந்தது: பெட்டிக் கணக்கில் ஒரே தரத்தில் எடுப்பதை விட்டு, கிழமைக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க ஒழுங்கு செய்தார்கள். கழிவில் கொஞ்சம் நட்டம். அதைத் தாங்கலாம் என்று கணக்குப் பார்த்தவரே சொன்னார்.

அந்த அம்மாவின் குடும்பம் வழக்குக்குப் போகவில்லை. தனியார் மருத்துவ நிலையச் செலவு, போக்குவரத்து, மகள் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் முதலாளி தானாகவே கொடுத்தார். பெடியன் அங்கேயே வேலை செய்கிறான். ஏணியும் கயிறும் இப்போது அவன் பொறுப்பு.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. சுவரோரமாக நிற்கும் நீண்ட றாக்கை, பத்தடி உயரம், எதிலும் பூட்டாமல் நிற்கிறது. சாமான் ஒவ்வொன்றாக விழுவது ஒரு ஆபத்து, றாக்கையே ஆளோடு சரிவது அதைவிடப் பெரிய ஆபத்து. கட்டடம் பழையது, சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஆணி அடித்தால் சாந்து உதிர்கிறது, பிடிக்கவில்லை. சுவரை ஊடறுத்து இரும்புக் கம்பி போட்டு வெளிப்பக்கம் தகடு வைத்து முறுக்க வேண்டும் என்று மேசன் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரரின் சம்மதமும் வேண்டும். அதுவரை அந்த றாக்கையின் மேல் மூன்று தட்டுகளையும் வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். மாரி தொடங்குவதற்கு முன் கம்பி போட்டாக வேண்டும்.